யோசனை இருக்குது, டீ-ஷர்ட் வேணாம்

பேராண்டி, உங்க கம்பெனியில யோசனைப் பஞ்சம் வந்திருச்சுன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. சிறுசேரியில கண்ணாடி மாளிகை, உள்ள ஊட்டிக் குளிரு, ஆளுக்கொரு லேப்டாப்பு, மாடிக்கு மாடி காப்பி மிஷினு. அப்பேர்ப்பட்ட இடத்துலயே ஊறலன்னா அப்புறம் எங்கதான் ஊறும்? அதான் ‘மக்களோடு சேர்ந்து படைப்போம்’னு நோட்டீஸ் அடிச்சிக்கினு சேலையூருக்கும் முடிச்சூருக்கும் ஆள் அனுப்பியிருக்கீங்க. நல்ல யோசனைக்கு ஒரு டீ-ஷர்ட். ரொம்ப நல்ல யோசனைக்கு ரெண்டாயிரம் ரூபா கூப்பன். அந்தக் கூப்பன வச்சி உங்க கம்பெனி சாமானத்தான் வாங்கணுமாம். குடுத்த துட்டு வழி தவறாம வீடு திரும்பணும்னு எவனோ ஒக்காந்து யோசிச்சிருக்கான் பாரு, அவ்ளோ கெட்டிக்காரன உள்ளயே வச்சிக்கினு தெருத்தெருவா இன்னாத்துக்கு யோசனை தேடுறீங்க?

நோட்டீஸோட முன்பக்கத்துல கலர் கலரா ஒரு குடும்பம் சிரிக்குது. பின்பக்கம் பொடி எழுத்து. உன் பாட்டி டார்ச்சு அடிச்சா, நான் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிப் படிச்சேன். வர்ற யோசனையெல்லாம், தேர்வானாலும் ஆகாட்டியும், கம்பெனிக்கே சொந்தமாம். ஜெயிச்சவனோடது உங்களுக்குன்னா நியாயம், அவன்தான் கூப்பன் வாங்கிட்டானே. தோத்தவனோடதும் உங்களுக்கேன்னு எழுதுனாரு பாரு உங்க வக்கீலு, அவரு எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லு. எங்க மதுராந்தகம் பக்கம் அந்தக் காலத்துல கந்துவட்டிக்காரன்கூட நெலத்த எழுதி வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் காசு குடுப்பான்.

வேணாம்னு தடுக்கறேன்னு நெனைக்காதே. கம்பெனிக்காரனும் ஜனங்களும் ஒரே பாயில ஒக்காந்து ஒரு சாமானத்த உருவாக்குனா அதுக்கு மேல நல்ல காரியம் இல்ல. இது அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்ச புதுமைன்னு நீ அன்னிக்கு சோத்துத் தட்டுல கைய வச்சிக்கினு பீத்துனியே, அதான் எனக்குச் சிரிப்பு. கிறிஸ்தவக் கல்லூரியில படிக்கிற உன் தங்கச்சி எல்லாத்தையும் எனக்குப் படிச்சிக் காட்டிட்டா. சி.கே. பிரகலாத்னு ஒருத்தரு. 1941ல கோயம்புத்தூர்ல பொறந்தவரு. நம்ம லயோலா காலேஜுல பௌதிகம் படிச்சிட்டு யூனியன் கார்பைடுல வேல பாத்தவரு. அப்புறம் மிச்சிகன்ல போயி வாத்தியாரானாரு. அவரும் வெங்கட் ராமசாமியும் சேந்து 2004ல எழுதுன புஸ்தகத்துலேர்ந்துதான் உங்க மேனேஜரு வாயில வர்ற பாதி வார்த்தை வருது.

அதுல அவரு சொன்னது இன்னான்னா: கம்பெனி உள்ள உக்காந்து பண்றது, வெளிய நிக்கிறவன் வாங்கறதுன்னு இருந்த காலம் போச்சு. சாமானுக்கு மதிப்பு, வாங்கறவனும் விக்கிறவனும் சேந்து பண்றதுலதான் வருது. அதுக்கு நாலு வேணும். ரெண்டு பக்கமும் பேசணும். கம்பெனிக்குள்ள இருக்கற கருவியும் தகவலும் ஜனங்க கைக்கு எட்டணும். இதுல இன்னா ஆபத்துன்னு முன்னாடியே சொல்லணும். ஒளிவுமறைவு கூடாது. உங்க நோட்டீஸ எடுத்து இந்த நாலோட ஒரு தடவை ஒத்துப் பாரு. மொதலாவதுல பாதிதான் தேறும். அந்தப் பாதியும் நாங்க பேசறது, நீங்க எழுதிக்கறது.

அவரு உசுரோட இருந்தா தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல எறக்கி, மெப்ஸ் வாசலுக்குக் கூட்டிக்கினு போயிருப்பேன். 1984ல அந்த ஏற்றுமதி வளாகம் வந்ததுலேர்ந்து காலைல ஷிப்டுக்கு வர்ற பொண்ணுங்க கூட்டம்தான் அந்த வாசலுக்கு அழகு. அங்க தள்ளுவண்டியில தோச ஊத்துற அம்மா ஒண்ணு உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ்ஸும் லாரியும் போற வேகத்துல காத்து அடிக்குது பாரு, அடுப்பு நெருப்பு ஒரு பக்கமா சாஞ்சிக்கும், தோச ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் மாவா நிக்கும். அந்தம்மா பதினஞ்சு கிலோ எண்ணெ டின்னு ஒண்ண வாங்கி மேல்மூடியும் அடித்தகரமும் எடுத்துட்டு, ஒரு மூலையில வெட்டி விரிச்சி, அடுப்பச் சுத்தி மறைப்பா நிக்க வச்சிருக்கு. கீழ் ஓரத்துல ஆணியால வரிசையா ஓட்டை, நெருப்புக்குக் காத்து வேணுமே. மேல் ஓரத்த உள்பக்கமா மடிச்சி ஒரு வெரல் அகலத்துக்கு ஏந்தல் பண்ணியிருக்கு. எண்ணெக் கரண்டி அதுலதான் ஒக்காரும், சொட்டாது. வெட்டுன ஓரத்துல பழைய சைக்கிள் டியூப நீளமாக் கிழிச்சி சொருகியிருக்கு, கைய அறுக்காம இருக்க. முன்பக்கத் தகரத்த மட்டும் தனியா வெட்டி ஒரு சைக்கிள் கம்பியில தொங்கவிட்டிருக்கு. தோச திருப்பும்போது சாய்ச்சிக்கலாம், திருப்புனதும் நிமித்திக்கலாம். இத்த வச்சதுலேர்ந்து சிலிண்டரு ரெண்டு நாள் கூட ஓடுதுன்னு அவங்க கணக்கு.

போன வருஷம் ஒரு கம்பெனிப் பசங்க, எந்தக் கம்பெனின்னு கேக்காதே, கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கினு வந்து அத்த நாலாப்பக்கமும் போட்டோ புடிச்சாங்க. ரெண்டு தோச வாங்கித் தின்னாங்க. போகும்போது விசிட்டிங் கார்டு ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்க. அது வீணாப் போவல. வண்டியோட முன்சக்கரத்துக்கிட்ட ஆடிக்கினு இருந்த பலகைக்கு முட்டுக் குடுத்திருக்கு.

நான் கேட்டேன், “யம்மா, இத்த நீயா கண்டுபுடிச்சே?” “ஐய, நான் எங்க கண்டுபுடிச்சேன் பெரியவரே, ஏதோ தகரத்த வெட்டி வச்சிருக்கேன்” அப்டீன்னுது. இந்தத் தாம்பரத்துல இருக்கற வியாதியே இதுதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயி ஒடஞ்ச பேன் மோட்டாரு, சைக்கிள் செயினு, துணி மிஷினோட தொட்டின்னு வாங்கியாந்து, அதுல ஒண்ணு இதுல ஒண்ணு கழட்டி மாட்டி ஒரு மிஷினே பண்ணிடுவாங்க. கேட்டா ‘ஏதோ அட்ஜஸ்ட் பண்ணிக்கினோம்’. மெட்ராஸ் மீன்பாடி வண்டியப் பாரு. மூணு சக்கர மிதிவண்டியில பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினப் பொருத்தி, காசிமேட்டுலேர்ந்து கம்பியும் மீனும் ஏத்திக்கினு பறக்குது. எந்தக் கம்பெனி வரைபடத்துலயும் அது கெடையாது. போலீஸு வாகனச் சட்டத்தக் காட்டித் தொரத்துது, தொரத்தறதுல நியாயமும் இருக்குது, பிரேக்கு எங்கன்னு ஓட்டறவனுக்கே சில நேரம் தெரியாது. ஆனாலும் ஒரு வண்டிக் கம்பெனிக்காரன் அவனப் பக்கத்துல ஒக்காரவச்சி, ‘அண்ணே, இந்தச் சந்துல போற வண்டிக்கு இன்னா வேணும்’னு கேட்டிருந்தா?

கேட்டதும் உண்டு, கேக்காமலே பண்ணிக்கினதும் உண்டு. கோயம்புத்தூர்ல 1955ல பி. சபாபதின்னு ஒருத்தரு மாவரைக்கிற கிரைண்டரு பண்ண ஆரம்பிச்சாரு. நம்ம ஆட்டுக்கல்லுல கல்லு சும்மா கெடக்கும், குழவி சுத்தும், சுத்தற கை வலிக்கும். கிரைண்டர்ல குழவிய நிறுத்திட்டு கல்லச் சுத்தவுட்டாங்க. காரியத்தத் தலைகீழாத் திருப்புறது எவ்ளோ பெரிய புத்தி தெரியுமா? ஆட்டுக்கல்லுகிட்ட ராத்திரியெல்லாம் ஒக்காந்த வீட்டுக்காரங்க கஷ்டத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் அது தோணும். பம்பாய்ல மாதுரி மாத்தூர்னு ஒரு அம்மா. ஜெர்மனிக்காரன் பிரவுன் மிக்சி, நம்ம அரவைக்குத் தாங்காம மோட்டாரு கருகிப்போச்சு. புருஷன் சத்யபிரகாஷ் சீமென்ஸ்ல எஞ்சினியரு. நம்ம சமையலுக்கு ஏத்த மோட்டார நானே பண்றேன்னு எறங்குனாரு. 1963 வாக்குல கம்பெனி ஆரம்பிச்சாரு. அதுதான் சுமீத் மிக்சி. ஜெர்மனியில இருந்த எஞ்சினியருங்க முட்டாளுங்க இல்ல. அவங்க வீட்டுல இட்லிக்கு ஊறவைக்கல, அவ்ளோதான்.

உன் பாட்டி அந்தக் காலத்துல பத்திரிகைக்கு வாழப்பூ வடகம் குறிப்பு எழுதிப் போட்டா. மணியார்டர்ல வந்த தொகை தபால்காரனுக்கு டீ வாங்கிக் குடுக்கத்தான் சரியா இருந்துது. ஆனா குறிப்புக்குக் கீழ அவ பேரும் ‘தாம்பரம்’னு ஊரும் அச்சாகியிருந்துது. அந்தப் பக்கத்த பீரோவுல பட்டுப்பொடவைக்கு அடியில வச்சிருந்தா. ஒரு வாரப் பத்திரிகைக்குத் தெரிஞ்ச மரியாத உங்க கம்பெனிக்குத் தெரியல பாரு. இன்னொரு அம்மா அத்தயும் தாண்டிப் போனாங்க. எஸ். மீனாட்சி அம்மாள், தன் சமையலத் தானே புஸ்தகமா 1951ல போட்டாங்க, ‘சமைத்துப் பார்’னு. கலியாணம் ஆன பொண்ணுங்க பொட்டியில அது எத்தினி ஊரு போச்சோ. யோசனைய யார் கையிலயும் குடுக்கல, அட்டையில தன் பேரப் போட்டு வித்தாங்க.

சரி, ஒழுங்காப் பங்கு குடுத்த கம்பெனியே கெடையாதான்னு நீ கேப்பே. உண்டு. டென்மார்க்குல லெகோன்னு பிள்ளைங்க வெளையாடற பிளாஸ்டிக் கட்டை பண்றவன். 2008ல ஜப்பான்ல ஆரம்பிச்சி, அப்புறம் உலகம் பூராவும் கொண்டாந்தான்: நீ ஒரு பொம்மை டிசைன் அனுப்பு, பத்தாயிரம் பேரு ஆதரவு சேந்தா நாங்க பரிசீலிக்கறோம், கடைக்கு வந்தா நிகர விற்பனையில நூத்துக்கு ஒண்ணு உனக்குன்னான். ஒண்ணு கொறச்சல்தான். ஆனா எழுத்துல இருக்குது, கணக்குல இருக்குது. நம்ம நாட்டுலயும் 2009ல லேய்ஸ் சிப்ஸுக்காரன் இன்னா ருசி வேணும்னு ஜனங்களயே கேட்டான். ஜெயிச்சா அம்பது லட்சமும், அந்த ருசி விக்கிறதுல நூத்துக்கு ஒண்ணும்னு சொன்னான். கடைசிச் சுத்துக்கு வந்த நாலுல ஒண்ணு மாம்பழ ருசி சிப்ஸு. அத்தத் தின்னவன் வாய் இன்னா பாடு பட்டுதோ, அது அவன் பாடு. கதை அத்தோட முடியல. அதே சிப்ஸுக்கு முதலாளியான பெப்சிகோ, 2019ல குஜராத்துல தன் சிப்ஸு உருளைக்கிழங்கு ரகத்தப் போட்டாங்கன்னு சின்ன விவசாயிங்க மேல தலா ஒரு கோடிக்கு மேல கேட்டு கேஸு போட்டுது. நாடே கத்துனதுக்கப்புறம் மே மாசம் கேஸ வாபஸ் வாங்கிக்கினாங்க. ருசி சொன்னவனுக்கு அம்பது லட்சம், கெழங்கு போட்டவனுக்கு ஒரு கோடிக்கு நோட்டீஸு. ரெண்டும் ஒரே பாக்கெட்டுக்குள்ள கெடந்துது.

நியூயார்க்குல க்விர்க்கின்னு ஒரு கம்பெனி 2009ல வந்துது. உலகத்துல யாரு வேணாலும் யோசனை அனுப்பலாம், ஓட்டுப் போட்டு எடுத்து, சாமானா பண்ணி, விக்கிறதுல பங்கு குடுப்போம்னாங்க. மடக்கி மடக்கி வச்சிக்கிற கரண்ட் பலகை ஒண்ணு நல்லா வித்துது. ஆனா வாராவாரம் புதுசு புதுசா சாமானம் பண்ணிக்கினே போனா எந்தக் கல்லாப்பெட்டி தாங்கும்? 2015ல மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாங்க. யோசனை வந்து குவியறது பெரிய காரியமே இல்ல, பேராண்டி. நூறுல எந்த ஒண்ண எடுக்கறது, எந்தத் தொண்ணூத்தி ஒம்போத மரியாதையாத் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியணும்.

இப்ப நெசமாவே சேந்து பண்ண கதை ஒண்ணு சொல்றேன். கோட்டூர்புரத்துல வித்யாசாகர்னு ஒரு இடம், 1985லேர்ந்து மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைங்களுக்காக நடக்குது. சொல்ல வேண்டியது மனசுல பூரா இருக்கும், வாய் ஒத்துழைக்காத பிள்ளைங்க அங்க நெறைய. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குப் பதிலாப் பேசற பொட்டிய வெளிநாட்டுல லட்சக்கணக்கான ரூபாய்க்கு வித்தாங்க, அதுவும் அவங்க பாஷையில. ஐ.ஐ.டி.யில படிச்ச அஜித் நாராயணன்னு ஒரு பையன், தன் சின்ன கம்பெனியோட அங்க போனாரு. போட்டி வைக்கல, நோட்டீஸு அடிக்கல. அந்தப் பிள்ளைங்ககூடவும் டீச்சருங்ககூடவும் ஒக்காந்தாரு. கை எம்புட்டு தூரம் அசையும், தலை எந்தப் பக்கம் திரும்பும், எந்த வார்த்தை மொதல்ல வேணும், எல்லாம் அங்கதான தெரியும்? பொட்டியில வார்த்தையும் படமும் ஒண்ணொண்ணா வெளிச்சம் போட்டுக்கினு போவும். வேண்டியது வரும்போது பிள்ளை லேசா ஒரு அசைவு காட்டுனாப் போதும், பொட்டி அத்தப் பேசிடும். ஆவாஸ்னு பேரு. அப்புறம் டேப்லெட்டுலயே வந்துது, தமிழும் பேசுது. 2011ல அமெரிக்காவோட எம்.ஐ.டி. பத்திரிகை உலகத்துல முப்பத்தஞ்சு இளவட்டக் கண்டுபிடிப்பாளருங்கள்ல ஒருத்தரா அவரப் போட்டுது. அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் டீ-ஷர்ட் குடுத்ததாத் தெரியல. தண்ணி வேணும்னு அம்மாகிட்ட தானே கேட்டுக்கிற வசதி வந்துது.

அடையாத்துப் பக்கத்துலயே இன்னொண்ணு. ஐ.ஐ.டி.யில சுஜாதா சீனிவாசன்னு ஒரு பேராசிரியரு அம்மா, டி.டி.கே. பேர்ல ஒரு மையம் வச்சி மாற்றுத்திறனாளிங்களுக்கு சாமான் பண்றாங்க. சக்கர நாக்காலியில நாள் பூரா ஒக்காந்தா ரத்த ஓட்டம் கெடும், புண்ணு வரும், எழுந்து நிக்கணும். யாரும் தூக்கிவிடாம தானே நெம்பி நின்னுக்கிற நாக்காலிய பண்ணாங்க. சென்னையில இருக்கற பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் கம்பெனி அத்தத் தயாரிச்சுது. 2019ல வெளிய வந்துது, அப்ப வெல சுமார் பதினஞ்சாயிரம். ‘ஏறி ஒக்காந்து பாத்துட்டு நொட்டை சொல்லுங்க’ன்னு ஒக்காரப் போறவன்கிட்டயே கேட்டுப் பண்ண சாமான் அது. நொட்டை சொல்றதுல நம்மாளுங்களுக்கு ஈடு எவன் உண்டு? அந்தத் தெறமைக்கு மட்டும் சம்பளம் குடுத்தா தாம்பரமே பணக்கார ஊராயிடும். உங்க நோட்டீஸ்ல நொட்டை எழுத இடமே உடல.

இன்னொரு பக்கம் நம்ம முருகானந்தம். கோயம்புத்தூருக்காரரு, பள்ளிக்கூடத்தப் பாதியில வுட்டவரு. வீட்டுப் பொம்பளைங்க கஷ்டத்தப் பாத்து மலிவா நாப்கின் பண்ற மிஷின உருவாக்குனாரு. சென்னை ஐ.ஐ.டி.க்குக் கொண்டாந்து காட்டுனாரு, அவங்க போட்டிக்கு அனுப்புனாங்க, தேசிய விருது வந்துது. 2016ல பத்மஸ்ரீயும் வந்துது. பெரிய கம்பெனிங்க வந்து கேட்டுதுங்க. குடுக்கல. மகளிர் குழுவுங்களுக்கு மிஷினா வித்தாரு. சேந்து பண்றதுன்னா யாரோட சேரணும்கிறது யோசனை சொன்னவன் இஷ்டம். அத்த உங்க மேனேஜருகிட்ட மெதுவாச் சொல்லு, பாவம், ரத்தக்கொதிப்பு ஆளு.

இனிமே நம்ம தெருக்காரங்களுக்கு நான் சொல்லி வச்சிருக்கறத உனக்கும் சொல்றேன், ஒளிவுமறைவு கூடாதுன்னு உங்க பிரகலாதே சொல்லிட்டாரே. யோசனை வந்தா மொதல்ல நோட்டுல தேதி போட்டு எழுது. எழுதாக் கடனுக்கு அழுதாத் தீராது. படம் வேணும்னா குரோம்பேட்ட எம்.ஐ.டி.யில படிக்கிற பிள்ளைங்களப் புடி, அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்ச எடம், ஒரு தகரத்துக்குப் படம் போட மாட்டாங்களா? அப்புறம் தாம்பரத்துல எலக்ட்ரிக் ரயிலு ஏறு, 1931லேர்ந்து அதுக்குத்தான ஓடுது, கிண்டியில எறங்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுமேலயே காப்புரிமை ஆபீஸு. தோச வாசமும் அந்த ஆபீஸும் ஒரே ரோட்டுலதான் இருக்குது, நடுவுல ஆறு ஸ்டேஷன். ஆனா இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் போக்குவரத்தே இல்ல. தனி ஆளா இருந்தா ஆன்லைன்ல விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபா. முழுசா எழுத வரலன்னா தற்காலிக விவரமா குடுத்து வைக்கலாம், பன்னெண்டு மாசத்துக்குள்ள முழுசையும் குடுக்கணும். பரிசோதனைக்கு 4,000 தனி. வக்கீலு வச்சா அது வேற பாட்டு. கெடச்சுதுன்னா விண்ணப்பம் போட்ட தேதியிலேர்ந்து இருவது வருஷம் உன்னுது.

இதுல ஒரு பொல்லாப்பு உண்டு. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டா புதுசுங்கற தகுதி போயிடும். ரீல்ஸ் எடுத்துப் போட்டு லைக்கு வாங்குனவன் லைக்கோட போக வேண்டியதுதான். உங்க போட்டிக்கு அனுப்பி நீங்க விளம்பரத்துல போட்டாலும் அதே கதி. அதனாலதான் அந்த தோசைக்காரம்மா தகரம் போச்சு; ஜி.எஸ்.டி. ரோட்டுலயே நிக்குதே, அதுக்கு இனிமே எந்த ஆபீஸுலயும் சீட்டு கெடையாது. பாட்டி வைத்தியம், பரம்பரைக் குறிப்பு இதுக்கும் சட்டத்துல எடம் இல்ல, அது ஊர்ச்சொத்து. அதுவும் நல்லதுக்குத்தான், இல்லன்னா நம்ம மஞ்சளுக்கு நாமளே கப்பம் கட்டணும். பேப்பரு, பீஸுன்னா பயப்படறவங்களுக்கு குஜராத்துல தேசியப் புத்தாக்க அறக்கட்டளை ஒண்ணு இருக்குது, 2000ல ஆரம்பிச்சது. சாதாரண ஜனங்க கண்டுபுடிச்சதத் தேடிப்புடிச்சி உதவுது. அதுக்கு மூலம் அனில் குப்தாவோட ஹனி பீ கூட்டம். மதுரையில சேவா அமைப்பு ‘நம்வழி வேளாண்மை’ன்னு தமிழ்ல பத்திரிகையே நடத்துச்சு. அவங்க கட்டுப்பாடு எனக்குப் புடிக்கும்: ஒருத்தன்கிட்ட விஷயம் வாங்குனா அவன் பேரச் சொல்லு, அவன் பாஷையிலயே அவனுக்குத் திருப்பிச் சொல்லு, லாபம் வந்தா அவனுக்கும் குடு. ஊரான் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு ஊத்தக் கூடாது.

பங்குன்னு சொன்னா எதுல பங்குன்னு நான் கேப்பேன், முன்னாடியே சொல்லிட்டேன். விக்கிறதுலயா, லாபத்துலயா? லாபத்துலன்னு சொன்னா நாங்க எழுந்து வந்துடுவோம். உங்க கணக்குப்புள்ள எந்த வருஷமும் லாபத்தக் கண்ணுல காட்ட மாட்டாரு. தோத்த யோசனைய எழுத்து மூலமாத் திருப்பிக் குடுக்கணும். கூட்டத்துக்கு வந்து ஒக்கார்ற நேரத்துக்குக் கூலி உண்டு. ஆலோசகருன்னு பெங்களூர்லேர்ந்து வர்றவனுக்கு மணிக்கணக்குல குடுக்கறீங்களே, அவன் எத்தினி தோச ஊத்தியிருக்கான்? சாமான் கடைக்கு வந்தா அட்டையில பேரு வேணும், ஊரும் வேணும். பொடி எழுத்த எங்க வேணாலும் வச்சிக்கோ, பேர மட்டும் உன் பாட்டி டார்ச்சு இல்லாமப் படிக்கணும்.

இவ்ளோ பேசிட்டு ஒத்துழைக்காம இருப்பேனா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம அபார்ட்மெண்ட் மொட்ட மாடியில கூட்டத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். தோசைக்காரம்மாவும் வரும், காலைல யாவாரம் அதனால சாயங்காலம்தான் தோது. மெப்ஸுலேர்ந்து ஆட்டோ காசு உங்க கணக்கு. ஷேர் ஆட்டோ காசக் குடுத்து ஏமாத்தாதே, மூட்டையோட வருது. தகரத்தக் கொண்டாராது, அது ரோட்டுச் சொத்தாயிடுச்சு. வீட்டுக்குள்ளயே பண்ணி வச்சிருக்கற வேற ஒண்ணு, மாவு பொங்கி வழியாம இருக்கறதுக்கு, அத்தத்தான் கொண்டாருது. என்கிட்டகூட இன்னும் காட்டல. துணி போட்டு மூடித்தான் எடுத்தாரும். உங்க வக்கீலு கையெழுத்துப் போட்ட பேப்பரு எங்க கைக்கு வர்ற வரைக்கும் அந்தத் துணிய எவனாவது தூக்கிப் பாத்தா, பேரன்னும் பாக்க மாட்டேன், தோசக் கரண்டி அந்தம்மா கையிலதான் இருக்கும்.